சென்னையில் துணி படிக்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஏற்றுமதிக்குத் துணி வாங்கும் வேலையில் இருபது வருடம் இருந்தேன். இப்போது ஆதம்பாக்கம் வீட்டு மாடியில் சனிக்கிழமை காலை சமகால (கன்டெம்பரரி) டெக்ஸ்டைல் டிசைன் பற்றிச் சின்னதாக ஒரு வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் உண்டு, அவர்களோடு வரும் அம்மாக்கள் உண்டு, பொட்டிக் வைத்திருப்பவர்கள் உண்டு, வார நாளில் ஓஎம்ஆரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி வைத்துவிட்டேன்.

"டெக்ஸ்டைல் டிசைன்னா ஃபேஷன் டிசைன்தானே மேடம்? ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. ஃபேஷன் டிசைனர் கையில் துணி வந்த பிறகு வேலையைத் தொடங்குகிறார். டெக்ஸ்டைல் டிசைனர் அந்தத் துணியையே உண்டாக்குகிறார். என்ன நூல், எத்தனை முறுக்கு, எப்படி நெய்வது அல்லது பின்னுவது, என்ன சாயம், கடைசியில் என்ன பதப்படுத்தல் என்பதெல்லாம் அவர் கணக்கு. ஒரு கட்டம் போட்ட சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காலர் எவ்வளவு அகலம் என்பது முதலாமவர் வேலை. நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் கோடு எத்தனை இழை வரவேண்டும் என்பது இரண்டாமவர் வேலை.

"கன்டெம்பரரின்னா மாடர்ன் துணி. அப்போ சேலை, கைத்தறி எல்லாம் அதுல வராது, சரிதானே?"

இந்த எண்ணத்தை முதல் வகுப்பிலேயே கழற்றி வைக்கச் சொல்வேன். சரிகையே இல்லாமல் இரண்டு நிறம் மட்டும் வைத்து நெய்த காஞ்சிபுரம் சேலை சமகாலத் துணிதான். பாலியெஸ்டரில் ரோஜாப்பூ அடித்து ரங்கநாதன் தெருவில் தொங்குகிற சுடிதார் துணி இன்றைக்கு உற்பத்தியானது, அவ்வளவே. அதில் புதிதாக யாரும் எதையும் யோசிக்கவில்லை.

யோசித்ததற்கு ஓர் உதாரணம். ஜப்பானின் இஸ்ஸே மியாகே 1993இல் 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' என்ற உடை வரிசையைக் கொண்டுவந்தார். வழக்கமாகத் துணியை மடிப்பு வைத்துவிட்டுத்தான் வெட்டித் தைப்பார்கள். அவர் தலைகீழாகச் செய்தார். உடையை வேண்டிய அளவைப்போல இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாகத் தைத்து, பிறகு காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தினார். பாலியெஸ்டர் சூட்டில் இளகி, ஆறியதும் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். அதனால் துவைத்தாலும் மடிப்பு போகாது. பருத்தியில் இதைச் செய்தால் முதல் துவைப்பிலேயே காணாமல் போகும். இழையின் குணம் தெரிந்தவருக்குத்தான் இப்படி ஒரு உடை தோன்றும்.

"எனக்கு நூலைப் பத்தி ஒண்ணுமே தெரியாது அக்கா. எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

வீட்டில் கிழிந்த வேட்டியும் பழைய ஜீன்ஸும் இருக்கும் அல்லவா? இரண்டிலும் இரண்டங்குலச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். ஊசியால் ஓரத்திலிருந்து ஒவ்வொரு இழையாக உருவுங்கள். கரையை ஒட்டி நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே போவது ஊடை. வேட்டியில் ஊடை ஒரு பாவு இழைக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று போகும். அது சாதா நெசவு. ஜீன்ஸில் ஒன்றுக்கு மேல் போய் இரண்டு மூன்றுக்குக் கீழ் போகும், அடுத்த வரியில் ஓர் இழை நகரும். அதனால்தான் சாய்வாகக் கோடு தெரிகிறது. அதை ட்வில் என்பார்கள். இன்னொன்றையும் பாருங்கள்: ஜீன்ஸின் பாவு மட்டும்தான் நீலம், ஊடை வெள்ளை. உள்பக்கம் ஏன் வெளுத்திருக்கிறது என்பது அப்போதே விளங்கிவிடும்.

அப்புறம் ஒரு பிக் கிளாஸ் வாங்குங்கள். ஓர் அங்குலச் சதுரத் திறப்போடு மடக்கி வைக்கிற சின்ன லென்ஸ் அது. அதை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று எண்ணிப் பழகுங்கள். ஒரு மாதம் தினம் ஒரு துணி எண்ணினால் போதும். அதற்குப் பிறகு கடையில் துணியைத் தொடும்போதே விரல் கணக்குப் போடும்.

"கடைக்காரர் 80ஆம் நம்பர், 100ஆம் நம்பர்னு சொல்றார். நம்பர் கூடினா துணி தடியா இருக்குமா?"

நேர் எதிர். பருத்தி நூலில் நம்பர் கூடக்கூட நூல் மெலியும். 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுவே நம்பர். 40ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். 100ஆம் நம்பர் என்றால் 84,000 கஜம். அதே ஒரு பவுண்டை இவ்வளவு நீளம் இழுத்தால் மெலியாமல் என்ன செய்யும்?

பட்டிலும் பாலியெஸ்டரிலும் டீனியர் என்று சொல்வார்கள். அங்கே கணக்கு புரண்டுவிடும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டீனியர். எண் கூடினால் நூல் தடிக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆர்டர் போட்டவர்களை எனக்குத் தெரியும். முதல் வருடம் நானும் அதில் ஒருத்திதான்.

"இது நிஜமாவே காட்டனா, கலப்படமான்னு வீட்டிலேயே பாக்க முடியுமா?"

முடியும். உருவின இழைகளைச் சின்ன முறுக்காகச் சுற்றி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும், மின்விசிறி வேண்டாம். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பல் தூளாக உதிரும். பட்டு, கம்பளி என்றால் முடி கருகின நாற்றம் வரும், கடைசியில் நிற்கும் கறுப்பு உருண்டை விரலில் நசுங்கும். பாலியெஸ்டர் சுருங்கி, உருகி, நசுங்காத கெட்டி மணியாக இறுகும். பாவையும் ஊடையையும் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பாவு பட்டாகவும் ஊடை வேறாகவும் இருக்கிற 'சுத்தப்பட்டு' நிறைய உண்டு.

இந்தச் சோதனையில் ரேயான் தப்பித்துவிடும். அதுவும் பருத்தி மாதிரியே எரியும். அதற்கு வேறு வழி: ஓர் இழையை நாக்கில் நனைத்து இழுங்கள். நனைந்தால் பருத்தி வலுக்கும், ரேயான் தளரும். நனைத்த இடத்தில் பட்டென்று அறுந்தால் பெரும்பாலும் ரேயான்.

"ரேயான், மோடல், டென்சல், மூங்கில் துணி... எல்லாம் மரத்துலேருந்துதானே வருது? அப்போ இயற்கைதானே?"

வருவது மரத்திலிருந்துதான். ஆனால் மரக்கூழை ரசாயனத்தில் கரைத்து, சல்லடைபோன்ற துளை வழியே பிழிந்து இழையாக்குகிறார்கள். சென்னையில் பலர் வீட்டில் போட்டிருக்கும் நைட்டி ரேயான்தான். தொட்டால் குளிர்ச்சி, உடம்போடு தழைந்து நிற்கும். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வழக்கமான ரேயான் செய்யக் கார்பன் டைசல்ஃபைடு வேண்டும், அது தொழிலாளியின் நரம்பைப் பாதிக்கும் பொருள். லயோசெல் என்ற மரக்கூழ் இழை வேறு கரைப்பானில் தயாராகிறது, அந்தக் கரைப்பானை ஏறத்தாழ முழுவதும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். டென்சல் என்பது அதற்கு ஒரு கம்பெனி வைத்த பெயர்.

மூங்கில் துணி என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழில் செய்த ரேயான். அதை ரேயான் என்றே எழுத வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009இலேயே கம்பெனிகள் மேல் நடவடிக்கை எடுத்தது. நம் ஊர் கடைகளில் இன்னும் இலை படம் போட்ட அட்டைதான்.

"லினன் மட்டும் ஏன் இவ்ளோ விலை?"

ஆளி விதைச் செடியின் தண்டு நாரில் செய்வது. இழைக்கேற்ற நல்ல ஆளி பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து பக்கத்துக் கடலோரக் குளிரில் விளைகிறது, இங்கே இறக்குமதிதான். நம் வெயிலுக்கு அருமையான துணி. கசங்கும். கசங்கல் பிடிக்காதவர்கள் வாங்க வேண்டாம்.

"சென்னையில எங்கே சேந்து படிக்கலாம்? என் பொண்ணு ப்ளஸ் டூ."

தரமணியில் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் இருக்கிறது, 1995இல் வந்தது. அங்கே டெக்ஸ்டைல் டிசைன், நிட்வேர் (பின்னலாடை), ஃபேஷன், லெதர் என்று தனித்தனிப் பட்டப்படிப்புகள், அகில இந்திய நுழைவுத் தேர்வு வழியாக. பொறியியல் பக்கம் போக ஆசையென்றால் கிண்டி வளாகத்தில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி உண்டு, அதற்கு பொறியியல் கலந்தாய்வு. நெசவே பிடிக்கும் என்றால் சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. டிசைனர்கள் அதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். தறியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பிள்ளைகள் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

தனியார் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு உண்டு. நல்லதும் உண்டு, மற்றதும் உண்டு. சேருமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: "உங்களிடம் தறி இருக்கிறதா, பிள்ளைகள் அதில் உட்காருகிறார்களா?" கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த தறியைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

"எனக்கு டிராயிங் வராது. பரவாயில்லையா?"

பரவாயில்லை. எண்ணத் தெரிய வேண்டும். நெசவு டிசைன் என்பது கட்டத்தாளில் கட்டங்களை நிரப்புவது. கோலத்துக்குப் புள்ளி வைக்கத் தெரிந்தவருக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

"வேலைக்குப் போறேன், சனி ஞாயிறுதான் நேரம். காலேஜ் வேண்டாம், ஆனா உருப்படியா கத்துக்கணும்."

நான்கு இடம் சொல்கிறேன். முதலில் ஜார்ஜ் டவுன் கோடவுன் தெரு. சனிக்கிழமை காலையில் போய் ஒரு கடையில் அரை மீட்டர், கால் மீட்டர் என்று பத்து ரகம் வாங்குங்கள். மொத்த வியாபாரிகள் முகம் சுளிப்பார்கள், சிரித்துக்கொண்டே கேளுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் ஒட்டி, மேலே சொன்னபடி எண்ணி, கொளுத்தி, எழுதி வையுங்கள். இரண்டாவது, திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் நெசவு, கலம்காரிப் பிரிவு. கலம்காரி என்பது துணியில் கையால் வரைந்து சாயமேற்றும் கலை. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி நடனத்தோடு நெசவையும் அங்கே வளர்த்தார். மூன்றாவது, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகம். காஞ்சிபுரம் நெசவாளர் வீடு ஒன்றை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டின் நடுக்கூடம் ஏன் அத்தனை நீளம் என்று பார்த்தால், வீடே தறிக்காகக் கட்டப்பட்டது என்று தெரியும்.

நான்காவது காஞ்சிபுரமேதான். பீச் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறினால் செங்கல்பட்டு வழியாகப் போய்ச் சேரலாம். கோர்வைச் சேலை நெய்கிற வீடு ஒன்றைத் தேடுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சாயம் கலக்காமல் கத்தி வைத்தது போலப் பிரிந்து நிற்க வேண்டும். அதற்கு மூன்று நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கருவி) வேண்டும். நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கக் கரை நாடாவைக் கையால் கோத்துக் கொடுப்பார். நான் பார்த்த வீட்டில் அது அவர் மனைவி. ஒரு கண் அடுப்பில், ஒரு கண் நாடாவில். ஒவ்வொரு வரியிலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்பும். பத்து நிமிடம் நின்றேன், விரலளவு துணி வளரவில்லை.

"மெட்ராஸ் செக்ஸ்னு ஃபாரின் பிராண்டுல போட்டிருக்கே, அது நம்ம லுங்கி கட்டம்தானே?"

ஏறக்குறைய அதேதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த ஊரே துணிக்காக உண்டானது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பிடித்ததற்குச் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிதான் காரணம். திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலடிப்பேட்டை, காலெட் என்ற ஆளுநர் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை. சிந்தாதிரிப்பேட்டை 1734இல் இன்னோர் ஆளுநர் காலத்தில் அதே காரணத்துக்காக வந்தது. சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் அப்படித் திரிந்தது என்பார்கள். துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. இன்றைக்கும் அங்குள்ள எம்.சி. ரோடு முழுக்கத் துணிக்கடை.

இங்கிருந்து போன 'மெட்ராஸ் கைக்குட்டை' பெயருக்குத்தான் கைக்குட்டை. 36 அங்குலச் சதுரங்களாகக் கட்டம் போட்டு 8 கஜம் நீளத்துக்கு நெய்த துணி அது. மேற்கு ஆப்பிரிக்காவில், முக்கியமாக நைஜீரியாவின் கலபாரி மக்களிடம், கல்யாணத்துக்கும் சாவுக்கும் அது வேண்டும். சில கட்டங்களில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் வெட்டி உருவி வேறொரு கோலம் எடுப்பார்கள். நாம் நெய்து அனுப்பியதை அவர்கள் மறுபடி டிசைன் செய்தார்கள்.

1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, துணி ஏற்றுமதி செய்த கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் இந்தக் கட்டத்துணியை வாங்கிப் போனார். ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் அதில் சட்டை தைத்து விற்றது. துவைத்ததும் சாயம் ஓடிக் கட்டம் எல்லாம் கலங்கிவிட்டது, வாடிக்கையாளர் சண்டை. கடைசியில் 'சாயம் ஓடும், உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு துவைப்புக்கும் சட்டை மாறும் என்று சொல்லி ஆசை காட்ட, ஜனம் அடித்துப் பிடித்து வாங்கியது. நம் வீட்டில் லுங்கி சாயம் போனால் கடைக்காரனைத்தான் திட்டுவோம்.

"சாயம் போகுதுன்னு கேட்டா 'நேச்சுரல் டை மேடம், அப்படித்தான்'ங்கறாங்க. உண்மையா?"

பாதி உண்மைகூட இல்லை. ஒழுங்காகப் போட்ட இயற்கைச் சாயம் அப்படி ஓடாது. கலம்காரியைப் பாருங்கள். துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்கும், பாலின் கொழுப்பு கோடு பரவாமல் தடுக்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்த தண்ணீர்தான் மை. மூங்கில் குச்சியில் நூல் சுற்றிய பேனாவை அதில் தோய்த்துத் துணியில் வைத்ததும், பழுப்பாக இருந்த நீர் கண்முன்னே கறுக்கும். அந்தக் கறுப்பு இழையோடு சேர்ந்தே பிறக்கிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தீட்டிச் சாயவேரில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். கலம்காரிக்குப் பேர்போன ஸ்ரீகாளஹஸ்தி இங்கிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரம்தான், நேரில் பாருங்கள்.

வீட்டில் சோதிக்க, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியின் மேல் பத்துத் தடவை தேயுங்கள். அடர் நீலத்தில் கொஞ்சம் ஒட்டுவது சகஜம், நீலம் தரும் அவுரி, இழையின் மேல்பரப்பிலேயே நிற்கிற சாயம். சிவப்பும் மஞ்சளும் கைக்குட்டையை நனைத்தெடுத்தால், சரியாக அலசாத மலிவு ரசாயனச் சாயம் என்று சந்தேகப்படலாம். 1956இல் வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தி இழையோடு ரசாயனமாகவே பிணைந்துகொள்ளும். அதுவும் சரியாகச் சோப்பில் கொதிக்கவைத்து அலசினால்தான் நிற்கும்.

"நானே வரைஞ்ச டிசைனை அஞ்சு மீட்டர் மட்டும் பிரின்ட் போட முடியுமா?"

டிஜிட்டல் பிரின்ட்டில் முடியும். ஆனால் எந்தத் துணியில் எந்த முறை என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். என்னிடம் படித்த ஒரு பெண், தாழம்பூ வரைந்த டிசைனை ஒரு கடையில் பருத்திச் சேலையில் போட்டு வாங்கினாள். வந்தபோது பளிச்சென்று இருந்தது. முதல் துவைப்பில் தாழம்பூ வாடிவிட்டது. கடையில் இருந்தது சப்ளிமேஷன் இயந்திரம். அந்த முறையில் சாயம் சுமார் 200 டிகிரி சூட்டில் ஆவியாகிப் பாலியெஸ்டருக்குள் புகும். பருத்திக்குள் புகாது. பருத்திக்கும் பட்டுக்கும் ரியாக்டிவ் டிஜிட்டல் பிரின்ட் என்று கேட்க வேண்டும். முன்பதமாக்கிய துணியில் அச்சடித்து, நீராவியில் வேகவைத்து, அலசித் தருவார்கள். விலை கூடும், நாளும் கூடும்.

"கைத்தறியா விசைத்தறியான்னு பாத்ததும் கண்டுபிடிக்க ட்ரிக் சொல்லுங்க."

ஒரு பக்கமாக வேலை செய்யும் ட்ரிக் உண்டு. கரை ஓரத்தைப் பாருங்கள். ஊடை இழை ஒவ்வொரு வரியிலும் வெட்டுப்பட்டு, மீசை மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் அது நாடா இல்லாத புதுவகை இயந்திரத்தில் நெய்தது, கைத்தறியாக இருக்க வழியே இல்லை. ஆனால் ஓரம் சுத்தமாகத் திரும்பியிருந்தால் உடனே கைத்தறி என்று முடிவு கட்டாதீர்கள். பழைய நாடா போட்ட விசைத்தறியிலும் அப்படித்தான் வரும். அங்கங்கே நூல் தடித்திருப்பதும் சாட்சி ஆகாது, அப்படியே நூற்று மில்லில் விற்கிறார்கள். 2006 முதல் கைத்தறி முத்திரை இருக்கிறது, அதைக் கேளுங்கள். முத்திரையில்லாத நல்ல கைத்தறியும் இருக்கிறது. அப்போது விற்கிறவரிடம் "எந்த ஊர், எந்தத் தறி" என்று கேட்டால், உண்மை விற்கிறவருக்கு அரைமணி நேரம் பேச விஷயம் இருக்கும்.

"பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கின பாலியெஸ்டர் வாங்கினா நல்லதுதானே? குற்ற உணர்ச்சி இல்லாம இருக்கலாம்ல?"

பாட்டில் குப்பைமேட்டுக்குப் போகாமல் நூலானது நல்லதுதான். ஆனால் பாலியெஸ்டர் ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத இழைத்துகளை உதிர்க்கும். அது நம் சாக்கடை வழியாக அடையாற்றுக்கும் கடலுக்கும் போகும். மறுசுழற்சி செய்ததும் உதிர்க்கும். சென்னை வியர்வையில் அது உடம்புக்கு எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பருத்தி என்றால் கை சுத்தம் என்றும் இல்லை. திருப்பூர் பனியன்கள் பருத்திதான். அவற்றின் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்குக் கட்டின ஒரத்துப்பாளையம் அணையைக் கழிவுக் குட்டையாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது. ஆகவே இழையின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். சாயம் எங்கே போட்டார்கள் என்பதையும் கேளுங்கள்.

"பழைய காஞ்சிபுரம் டிசைனை எடுத்து நான் பிரின்ட் பண்ணி வித்தா தப்பா?"

மயில்சக்கரம், ருத்ராட்சம் போன்ற பழைய டிசைன்கள் யாருக்கும் சொந்தமில்லை. பெயர் மட்டும் சொந்தம். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. மதுரைச் சுங்குடி, பவானி ஜமக்காளம், செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கும் அப்படியே. அந்தப் பெயரைப் போட்டு அச்சுத் துணி விற்றால் சட்டப்படியும் தப்பு. கோர்வை போலத் தெரிய வேண்டும் என்று கரையை அச்சடிப்பதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன், சோம்பேறித்தனம் என்பேன். அந்த ருத்ராட்சத்தை எடுத்து நிட்வேரிலோ சணல் பையிலோ வேறு அளவில் என்ன செய்யலாம் என்று பாருங்களேன்.

"நெசவாளர்கிட்ட என் டிசைனைக் குடுத்தா, ஒரே ஒரு சேலை நெய்ஞ்சு தருவாரா?"

இந்தக் கேள்வி வந்தால் ஆள் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்வேன். பதில் என்னவோ, பெரும்பாலும் தரமாட்டார். பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய பாவின் முனையோடு பிணைத்துத் தறியில் ஏற்றுவதே பெரிய வேலை. அந்த நாட்களில் அவருக்கு நெசவுக்கூலி இல்லை. அதனால் ஒரு பாவில் மூன்று நான்கு சேலைக்கு நூல் ஏற்றிவிடுவார்கள். புது புட்டா (சேலையில் அங்கங்கே வரும் சின்ன உரு) வேண்டுமென்றால், டிசைன்படி பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு கருவிக்கு அட்டை வேறு குத்த வேண்டும், அந்தச் செலவு உங்களுடையது.

பாவை மாற்றச் சொல்லாதீர்கள். அவர் தறியில் ஏற்கெனவே என்ன பாவு ஓடுகிறது என்று கேளுங்கள். அரக்குப் பாவு என்றால், அதே பாவில் ஒரு சேலைக்குப் பச்சை ஊடை, அடுத்ததற்குச் சாம்பல், மூன்றாவதற்குக் கடுகு மஞ்சள் என்று ஊடையை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மூன்றும் மூன்று நிறமாகத் தெரியும், வெயிலில் திருப்பினால் மூன்றிலும் அடியில் அரக்கு மின்னும். ஒன்றை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள், மற்ற இரண்டுக்கும் முன்கூட்டியே இரண்டு சிநேகிதிகளைப் பிடித்து வையுங்கள். கூலியில் பாதியை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் பாவு காயாது, அதனால் தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆடியிலேயே போய்க் கேளுங்கள்.